முதலில் புள்ளி

அஸ்தினாபுரம்,
14.9.1993

சேசு மரி சூசை துணை

மஸ்கட்டில் இருக்கும் பிரியமுள்ள என் வீட்டுக்காரருக்கு, அருள்மேரி வணக்கத்தோடு எழுதுவது.

கவரைப் பிரித்ததும் உங்களுக்குப் பக்கென்று இருந்திருக்கும். என் கோழிக்கிறுக்கலைக் காணோமே, டைப் அடித்த கடிதமாக இருக்கிறதே என்று. வக்கீல் நோட்டீஸ் இல்லை, பயப்படாதீர்கள். நான்தான் அடிக்கிறேன், சாம்பசிவன் சாருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், மூன்றாம் நம்பர் தமிழ் மெஷினில். ஆமாம், அங்கேதான். இனி அந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று நம் பிள்ளையின் கல்லறையில் உங்கள் கையைப் பிடித்துச் சொன்னவள், மே மாதத்திலிருந்து தினமும் மிதித்துக்கொண்டிருக்கிறேன். 'வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்' என்று நாலு மாதமாக எழுதியதெல்லாம் பொய்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய துணி வந்து சேர்ந்தது. சமையலறையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. குழாயில் இன்னும் உப்புத் தண்ணீர்தான்; லாரி வந்தால் பக்கத்து வீட்டுக் காந்திமதி அக்கா என் குடத்தையும் சேர்த்து வரிசையில் போட்டுவிடுகிறார். நான் ஒன்பது கிலோ இளைத்திருந்தேன் அல்லவா, ஐந்து திரும்பி வந்துவிட்டது. இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முன்பு சொல்லிக்கொடுக்கப் போனபோது வாங்கிய இன்ஸ்டிடியூட் சாவி ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. மே மாதம் அதைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடத்தான் போனேன். அங்கே தபீதாள் என்று ஒரு பெண், மாடம்பாக்கத்திலிருந்து வருகிறாள், புதிதாகச் சேர்ந்தவள், தன் பெயரை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும் என்று உங்களிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். புள்ளியை அடித்தால் மெஷினின் வண்டி நகராது, அப்படியே நிற்கும். அதற்கப்புறம் எழுத்தை அடித்தால்தான் இரண்டும் ஒரே இடத்தில் விழுந்து வண்டி நகரும். இவள் எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளியை அடித்திருக்கிறாள். தாளை உருவி என்னிடம் நீட்டி, "இன்னாக்கா இது பேஜாரு, புள்ளி மட்டும் தனியா அந்தாண்ட போய்க் குந்திகினு கீது" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை, வாய்விட்டு. எழுந்திருடி என்று அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். விரல் எதையும் மறக்கவில்லை. ஒரு தாள் அடித்தேன், இன்னொரு தாள் அடித்தேன். மணியைப் பார்த்தால் முக்கால் மணி நேரம் போயிருந்தது. அவ்வளவு நேரமும் நம் பிள்ளையின் நினைப்பு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து ரிப்பன் கறையைத் துணி சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அழுதேன். அடிப் பாவி, நீயெல்லாம் பெற்றவளா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் போய் நின்றேன்.

இப்போது பெண்கள் பேட்ச் என்னுடையது. ஆகஸ்ட் பரீட்சைக்குப் பதினோரு பேரை அனுப்பினேன். எல்லா மெஷினும் சேர்ந்து ஓடும் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் எழுந்திருக்கப் பிடித்திருக்கிறது. இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. போன செவ்வாய்க்கிழமை கார்பன் தாள் தேடி சாருடைய மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு ஏர்மெயில் கவர், 91 நவம்பர் முத்திரையோடு. படித்தது தப்புதான், படித்துவிட்டேன். அருள்மேரியை நேரத்துக்கு விடாமல் பிடித்துவைத்து என் பிள்ளையைக் கொன்றவர் நீங்கள், உங்கள் குடும்பம் விளங்காது என்று எழுதியிருக்கிறீர்கள். கவரோடு நேராகச் சாரிடம் போனேன். ஏன் சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "விடும்மா, சவுரிமுத்துக்கு யார் மேலயாவது கோவப்படணும் இல்ல? என் மேல பட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

என்னங்க, சார் என்னைப் பிடித்துவைக்கவில்லை.

நீங்கள் வந்து சேர்ந்தபோது அவனை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு ஏன் லேட்டாகப் போனாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். சார் விடவில்லை என்றேன். வாயில் வந்துவிட்டது, அப்புறம் அதையே பிடித்துக்கொண்டேன். நடந்தது இதுதான். நாலு மணிக்கு நான் ரயில் லைனைத் தாண்டிப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். மூன்றே முக்காலுக்கே சார் வந்து, "நீ கெளம்பும்மா, பையன் காத்துட்டு இருப்பான், டெஸ்ட்டை நான் பாத்துக்கறேன்" என்றார். பத்து நிமிஷ ஸ்பீட் டெஸ்ட், பாதியில் விட எனக்கு மனசில்லை. முடித்துவிட்டுப் போகிறேன் என்றேன். முடிந்ததும் இன்னொன்று வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. பெண்கள் வேகம் பிடித்துவிட்டார்கள், பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அவன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, அம்மாவைத் தேடித் தானே தண்டவாளத்தைத் தாண்ட வந்துவிட்டான்.

அன்றைக்கு என்னை உட்கார வைத்த அதே ஆசைதான் இன்றைக்கு என்னை எழுப்பி நடக்கவும் வைக்கிறது. இதில் நியாயம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், மன்னிப்புக் கொடுத்தார். உங்களிடம் சொல்லாததால் அந்த மன்னிப்பு என் மேல் ஒட்டவே இல்லை.

டிசம்பரில் லீவில் வருகிறீர்கள். என்னைத் திட்டுங்கள், பேசாமல் இருங்கள், எல்லாவற்றுக்கும் நான் தயார். சாருக்கு மட்டும் உங்கள் கைப்பட இரண்டு வரி எழுதிப் போட்டுவிடுங்கள். இன்ஸ்டிடியூட்டுக்குப் போகாதே என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொன்னால் நின்றுவிடுவேன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. இதை மட்டும், தாளை மெஷினிலேயே விட்டுவிட்டு, மேலே விட்ட இடத்தில் பேனாவால் கிறுக்குகிறேன். இரண்டு வருஷமாக அவன் பெயரை நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. பிள்ளை, தம்பி, அவன் என்றே ஓட்டிவிட்டோம். இந்தக் கடிதத்திலும் அப்படியே ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கடைசியில் கையெழுத்துப் போடும் இடத்தில் அடித்துவிடலாம் என்று இப்போது துணிந்தேன். முதல் இரண்டு எழுத்து விழுந்துவிட்டது. மூன்றாவதற்குப் புள்ளியை அடித்துவிட்டு வெகு நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், வண்டி நகரவில்லை. பக்கத்து மெஷினிலிருந்து தபீதாள் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா யோசிச்சிகினு கீறே, எழுத்த அடிக்கா" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிலில் நீங்களும் அந்தப் பெயரை ஒரே ஒரு தடவை எழுதுங்கள்.

இப்படிக்கு,
அமல் அம்மா,
அருள்மேரி