பிஸ்டன் குதித்த கணக்கு

ஜூன் 3, காலை 6.40. குதித்தது: 41.

தங்கச்சிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், எனவே விஷயத்துக்கு வருகிறேன். மேலே உள்ள 41, நேற்று ஒரே நாளில் உன் பாக்ஸர் நாய் ஆட்கள் மேல் பாய்ந்த கணக்கு. என் மேல் 29, கூரியர்காரர் மேல் 3, மாடிவீட்டு டீச்சர் மேல் 9. டீச்சர் இப்போதெல்லாம் குடையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறார். பிஸ்டன் என்று நான் விளையாட்டாகப் பெயர் வைத்தேன். அது நிஜமாகவே மேலும் கீழுமாகத்தான் இயங்குகிறது.

போனில் பேசினால் சண்டை வரும், மெயிலில் எழுதினால் வராது என்று, வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நீ போட்ட சட்டப்படி எழுதுகிறேன். அப்பாவை 28ஆம் தேதி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருவார். இன்னொரு தடவை விழுந்தால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது கிலோ நாய் அவர் நெஞ்சில் கால் வைத்தால் என்ன ஆகும்?

நான் லிஃப்ட் மெக்கானிக். நின்ற லிஃப்ட்டை ஒரு மணி நேரத்தில் ஓட வைப்பேன். ஓடுகிற நாயை நிறுத்தத் தெரியாது. உன் தோழி வளர்க்கக் கேட்டாளே, அவளிடம் பேசு.

அண்ணன்


ஜூன் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கலாம், ஆனால் என் வளர்ப்பு சரியில்லை என்று நீயே சொல்வாய். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

தோழியிடம் பேசிவிட்டேன். 27ஆம் தேதி வந்து பிஸ்டனைக் கூட்டிக்கொண்டு போகிறாள். பேசி முடித்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அப்பாவா நாயா என்றால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அதுவரைக்கும் முயன்று பார். அடிக்காதே, கத்தாதே. உட்கார்ந்தால் பிஸ்கட் கொடு. பொறுமை கடையில் விற்றால் உனக்குப் பார்சலே அனுப்பியிருப்பேன்.

உன் தங்கை


ஜூன் 15, மாலை 7.10. குதித்தது: 58.

தங்கச்சிக்கு,

உன் வைத்தியத்தின் பலன் இதோ:
ஜூன் 8: குதி 44, பிஸ்கட் 40.
ஜூன் 11: குதி 51, பிஸ்கட் 49.
இன்று: குதி 58, பிஸ்கட் 58.

பாய்கிறான். “உட்காரு”ன்னு சொன்னால் கண்ணிமைப்பதற்குள் உட்காருகிறான். பிஸ்கட்டை வாங்குகிறான். எழுந்து மறுபடி பாய்கிறான். ராணுவத்தில்கூட இவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிய மாட்டார்கள், ஆனாலும் என் சட்டை எல்லாம் கிழிந்துவிட்டது. இதற்கு மேல் என்னால் ஆகாது.

ஆஸ்பத்திரிச் செய்தி: அப்பா ஆறு அடி நடந்தார். “வேகமாப்பா, நர்ஸ் காத்திருக்காங்க” என்றேன். “அப்ப நீயே நடந்து காட்டு” என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

அண்ணன்


ஜூன் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கணக்கைப் படித்துவிட்டு ஆலையில் சத்தமாகச் சிரித்தேன், மேற்பார்வையாளர் முறைத்தார். நாள் முழுக்கத் துணியில் ஓட்டை தேடுகிற வேலை எனக்கு. உன் அட்டவணையில் தேட வேண்டிய அவசியமே இல்லை.

58 குதி, 58 பிஸ்கட். குதித்தால் “உட்காரு” வரும், உட்கார்ந்தால் பிஸ்கட் வரும். பிஸ்டனுக்கு, குதிப்பதுதான் வேலையின் முதல் பாதி. அண்ணா, அவன் உன்னை நன்றாகப் பழக்கிவிட்டான்! குதிக்காமல் சும்மா நின்றபோது எத்தனை பிஸ்கட் கொடுத்தாய்? அதற்கு ஒரு கட்டமே போடவில்லையே.

இன்னொன்று. சைக்கிள் பழக்கும்போது அப்பா “வேகமா மிதிடா”ன்னு கத்தினார் என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாய். நீ இப்போது அவரிடம் சொன்ன வார்த்தை என்ன என்று மறுபடி படித்துப் பார்.

உன் தங்கை


ஜூன் 28, மதியம் 12.50. குதித்தது: 0.

தங்கச்சிக்கு,

நீ சொன்னது சரி. எழுதிக் கொடுத்துவிட்டேன், ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்.

18ஆம் தேதி முறையை மாற்றினேன். பாய்ந்தால் முதுகைத் திருப்பினேன். பேச்சில்லை, பார்வையில்லை. நாலு காலும் தரையில் இருந்தால் பிஸ்கட், அதுவும் குனிந்து, அவன் மூக்குக்குக் கீழே. முதல் நாள் 63 ஆனது. உன்னைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். கை வலித்ததால் நிறுத்தினேன். மூன்றாம் நாள் 30. பிறகு, உடைந்த நாற்காலியின் சட்டத்தை வாக்கர்போலப் பிடித்துக்கொண்டு வாசலில் தினம் இருபது தடவை நொண்டி வந்தேன். டீச்சர் மாடியிலிருந்து பார்த்து, “என்னப்பா, உங்களுக்கும் இடுப்பா?” என்றார். 25ஆம் தேதி அவர் குடையில்லாமல் இறங்கினார்.

நேற்று உன் தோழி வந்தாள். “ஒரு நாள் பொறும்மா”ன்னு அனுப்பிவிட்டேன்.

இன்று 12.05க்கு வண்டி வந்தது. பிஸ்டனின் கயிற்றை டீச்சர் கையில் கொடுத்தேன். அப்பா வாசற்படியில் நின்றார். பிஸ்டன் உடம்பை வில்லாக வளைத்து, பின்பக்கம் முழுவதையும் ஆட்டினான். நாலு காலும் தரையில். பிஸ்கட் கொடுத்தேன்.

“இவன் பாயலையாடா?”

“இல்லப்பா.”

வாசலிலிருந்து நாற்காலிக்குப் பதினோரு அடி. நாலாவது அடியில் “வே” வரைக்கும் வாயில் வந்துவிட்டது. விழுங்கினேன். ஆறாவது அடியில், “நல்லா வரீங்கப்பா” என்றேன்.

“நான் என்ன நாயாடா?” என்று சீறினார். ஆனால் நிற்கவில்லை. பதினொன்றையும் நடந்து, உட்கார்ந்து, மூச்சு வாங்கி, என் முன்னால் கையை நீட்டினார்.

“எனக்கு எங்க?”

கொடுத்தேன். கடித்தார். “உப்பே இல்லையேடா”ன்னு மீதியைப் பிஸ்டனிடம் நீட்டினார். அவன் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொண்டான்.

அண்ணன்

இனி நான் செய்யப்போவது:

1. நாய் கிடையாது என்று உன் தோழியிடம் நானே சொல்வேன். கோபித்தால் கோபிக்கட்டும்.
2. வாசல் பயிற்சி தினம் இருபது தடவை. இன்னும் ஒரு மாதத்துக்கு, அப்பா நடக்கும்போது பிஸ்டனுக்குக் கயிறு உண்டு.
3. அப்பா நடப்பதில் அடியை மட்டும் எண்ணுவேன். கடிகாரம் பார்க்க மாட்டேன்.
4. உப்புப் போட்ட பிஸ்கட் ஒரு பாக்கெட், அவருக்குத் தனியாக.
5. ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்வேன். நான் கத்தினால் பதில் சொல்லாதே. அடங்கியபின் பேசு.