கோழிக்கூட்டை நகர்த்திய பிறகு

ஜூன் 11, புதன்

இன்றைக்கும் முட்டை இல்லை. நாலு கோழியும் நன்றாகத் தின்கின்றன, நன்றாகக் கத்துகின்றன. முட்டை மட்டும் கிடையாது. போன வெள்ளிக்கிழமை, மகள் சுபஸ்ரீ வயதுக்கு வந்த அன்று காலையில்கூட இரண்டு எடுத்தேன். பிள்ளைக்குத் தினமும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டிய நேரத்தில்தானா இதுகளுக்கு இப்படி வர வேண்டும்? வீட்டுக்குப் பின்னால் என் தம்பி வீரமணி கட்டிய தென்னங்கீற்றுக் குடிசைக்குள் அவள் வெந்துகொண்டிருக்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

நாத்தனார் பாப்பாத்தி வந்தாள். காலிக் கூட்டைப் பார்த்தாள், குடிசையைப் பார்த்தாள்.

"இன்னாடி ஜெயசுதா, கோழி இருந்த எடத்துல தீட்டுப் பொண்ணு குந்திக்கினு கீறா, முட்ட எங்கேர்ந்து வரும்?"

குடிசைக்கு அந்த மூலைதான் வேண்டும், கூட்டைத் தூக்கித் தெருப்பக்கம் வை என்று சொன்னதே இந்த மகராசிதான்! குரலையாவது தாழ்த்தினாளா? கீற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். "போதும் அண்ணி, வாய மூடுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை — ம்ஹூம்.

ஜூன் 14, சனி

கடை முட்டையை உடைத்துக் கொடுத்தேன். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"என்னாலதான் நின்னுபோச்சாம்மா?"

பதிமூன்று வயசு. முட்டை வைக்காவிட்டால் போகட்டும், சனியன்கள். இந்த நினைப்பு இவள் மனசில் தங்கிவிடக் கூடாது. அது மட்டும் கூடாது.

ஜூன் 16, திங்கள்

ஒரு கோழியைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள், சிரிக்கட்டும். டாக்டரம்மா ராதிகா இறக்கையை விரித்துப் பார்த்தார், நடந்ததைக் கேட்டார். கூடு இடம் மாறியது, சுபாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று வைத்த ஸ்பீக்கர், தெருநாய், இந்த வெயில் — இத்தனைக்கும் பயந்துதான் நிறுத்தியிருக்கும், பழைய இடத்திலேயே கூட்டை வையுங்கள் என்றார். "தீட்டெல்லாம் கோழிக்குத் தெரியாதும்மா."

வந்ததும் அதைக் குடிசை வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன், பக்கத்து வீடு வரைக்கும் கேட்கட்டும் என்று. சுபா கீற்றுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கூட்டை உடனே மாற்றவும் வழியில்லை. அந்த இடத்தில்தான் குடிசை நிற்கிறதே.

ஜூன் 22, ஞாயிறு

மஞ்சள் நீர் சடங்கு முடிந்தது. பட்டுப்புடவையில் அவளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. சாயந்திரம் வழக்கப்படி குடிசையைப் பிரித்துக் கொளுத்தினார்கள். சாம்பல் ஆறியதும் கூட்டித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் கூட்டைக் கொண்டுவந்து வைத்தேன்.

ஜூலை 2, புதன்

முட்டை! எடுக்கும்போது சூடு இருந்தது.

சந்தோஷப்பட விட்டாளா? சேதி கேட்டதும் பாப்பாத்தி வந்து நிற்கிறாள். "நான் சொன்னன்ல? குடிசய கொளுத்துனோம், தீட்டு கழிஞ்சிச்சி, முட்ட வந்துச்சி."

கூடு பழைய இடத்துக்கு வந்ததால்தான் என்று தொண்டை வற்றக் கத்தினேன். ஆனால் குடிசையை எரித்ததும் கூட்டை மாற்றியதும் ஒரே நாள். எதனால் வந்தது என்று யாரிடம் போய் நிரூபிப்பேன்? வீட்டுக்காரர் சிரிக்கிறார் — "வுடு, முட்ட வந்துச்சில்ல?" ஆமாம், வந்துவிட்டது. இவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

சுபா என்னையும் பாப்பாத்தியையும் மாறிமாறிப் பார்த்தாள். கடைசியில் அவள் கண் அத்தை முகத்தில்தான் நின்றது.

ஜூலை 6, ஞாயிறு

நாலும் வைக்கின்றன. முட்டை எடுத்துவரச் சொன்னேன். சுபா போனாள், எடுத்து வந்தாள். மறந்துவிட்டாள் போல. அப்பாடா.

ஜூலை 9, புதன்

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, ஆளைக் காணோம். பின்னால் போய்ப் பார்த்தால், வேலியோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தனியாக ஒரு தட்டு, ஒரு டம்ளர். கூட்டிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி.

"யாருடி ஒன்ன வெளிய குந்தச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

கையைப் பிடித்து இழுக்கப் போனேன். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"தொடாதம்மா. நீ போயி கோழிக்கு தீனி போடணும்ல?"