நம்ம டீம் இந்த வருஷம் எப்படி

மாதாவே துணை
கள்ளக்குறிச்சி
29-11-87, ஞாயிறு

அன்பு மகள் அனிட்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தம்பி அமலும் மூன்று வேளை சாப்பிட்டு, ஒருவரோடு ஒருவர் சண்டை போடத் தெம்பாக இருக்கிற அளவுக்குச் சுகம். அங்கே நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க அம்மா தினமும் ஜெபமாலை சொல்லுகிறாள். உன் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. ராஞ்சியில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, நோயாளிக்குச் சொல்லுகிற புத்தியை நர்சும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. அம்மாவுக்கு உன் மேல் கோபம். 'நம்ம டீம் இந்த வருஷம் எப்படிப்பா' என்று முதல் வரியில் கேட்டுவிட்டு, அவள் முட்டிவலியைப் பற்றிக் கடைசி வரியில் கேட்டிருக்கிறாயாம். பெத்தவ முட்டியவுட பந்து பெருசாப் போச்சா அவளுக்கு என்று சொல்லிவிட்டு, கடிதத்தை மறுபடி வாங்கி வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து படித்தாள். முட்டி பரவாயில்லை. டீமைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

வருஷா வருஷம் தீபாவளி கழிந்ததும் நான் உனக்கு எழுதுவது ஒரே சங்கதிதான். தை பிறந்ததும் போட்டி ஆரம்பம், இந்தத் தடவை திருக்கோவிலூர் கோப்பை நம்ம கோமுகிக் குழுவுக்குத்தான், சந்தேகமே வேண்டாம் என்பேன். மாசி முடிவதற்குள் தோற்றுவிட்டு வந்து, ரெபரி சரியில்லை, தரை சரியில்லை, பந்தில் காற்று சரியில்லை என்று இன்னொரு கடிதம் எழுதுவேன். காசிநாதன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் ஆளுக்கொரு பதினொன்று சொல்லுவதை நீயே பார்த்திருக்கிறாய். கோலில் ஆரம்பித்து லெப்ட் அவுட் வரைக்கும் பெயர் சொல்லி, எந்தச் சுற்றில் எவனை ஜெயிப்போம் என்பதையும் சொல்லி முடிக்க வேண்டும், அதுவரை நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது நம்ம ஊர்ச் சட்டம். எனக்கும் மேற்குத் தெரு கொளஞ்சியப்பனுக்கும் மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. அவர் சொல்லும்போது நான் குறுக்கே விழுவேன், நான் சொல்லும்போது அவர் எழுந்து நின்று கத்துவார். ஊருக்குள் நான் அவரை வாங்க போங்க என்பதும் அவர் என்னை வா சவரி என்பதும் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் கோட்டோரம் நின்று 'யோவ் கொளஞ்சி, உம் புள்ளய பந்த வுடச் சொல்லுய்யா' என்று நான் கத்துவேன், அவர் மகன் இளவரசன்தானே நம் சென்டர் பார்வர்டு, அவரும் 'சொல்லிக்கினுதான்யா கீறேன்' என்று திருப்பிக் கத்துவார். யாருக்கும் அது தப்பாகப் படாது. கடைசி விசில் அடித்ததும் என் வாயில் மறுபடி 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த வருஷம் உன் கேள்விக்கு அப்படி மளமளவென்று பதில் எழுத முடியவில்லை. தைக்கு நமக்கு டீமே இல்லாமல் போகலாம், இரண்டு டீமாகவும் போகலாம், இன்றைய தேதியில் நிலைமை அதுதான். புரட்டாசியில் நடந்த இட ஒதுக்கீட்டு மறியலைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பாய். ஒரு வாரம் ஒரு பஸ் ஓடவில்லை. கச்சிராயபாளையம் ரோட்டுப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்தார்கள், மரத்தோடு என் கம்பிகளும் போயின, கரண்டு ஆபீஸ் ஒயர்மேன் பிழைப்பு அந்த மாதம் முழுக்க மரக்கிளைக்கு நடுவில்தான். போலீஸ் வந்தபோது இளவரசனையும் சேர்த்து மேற்குத் தெருப் பையன்கள் பலரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் கோடாலி பிடித்தான் என்று போலீஸ்காரர்கள் சொல்கிறார்கள், இன்னமும் கடலூர் ஜெயிலில்தான் இருக்கிறான். அந்த வாரத்தில்தான் நம் காலனியில் வைக்கோல் போர் எரிந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. வேலைக்குப் போன நம் பையன்கள் இரண்டு பேரை மேற்குத் தெருக்காரர்கள் வாய்க்கால் மேட்டில் மடக்கி அடித்தார்கள், இவர்களும் சும்மா இருக்காமல் அந்தத் தெரு ஆள் ஒருவர் சைக்கிளைப் பிடுங்கி உடைத்தார்கள். அமல் மேல் ஒரு அடியும் படவில்லை, நீ பயப்படாதே. அதற்குப் பிறகு இந்தத் தெருக் கால் அந்தத் தெருவில் படுவதில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மைதானத்தில் ஆடுகள்தான் மேய்கின்றன.

ஆடுகிறவன் நின்றாலும் பார்க்கிறவன் வாய் நிற்குமா. அவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பதினொன்று சொன்னார்கள், நாங்கள் கோயில் மதில் ஓரம் உட்கார்ந்து பதினொன்று சொன்னோம். மேற்குத் தெருக்காரர்கள் சொன்னதில் பூராவும் மேற்குத் தெருப் பையன்கள், நாங்கள் சொன்னதில் பூராவும் காலனிப் பையன்கள். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது கண்ணு. அவர்களிடம் கோல் அடிக்க வரிசையாக ஆள் இருக்கிறது, கோலில் நிற்க ஒருத்தன் இல்லை. நம்மிடம் கோலில் நிற்க ஆளுக்கு ஆள் போட்டி, பேக் ஆட ஒரு பட்டாளம் இருக்கிறது, முன்னால் போய் உதைக்க ஆள் இல்லை. இத்தனை வருஷம் நம் பிள்ளைகளைப் பின்னால்தானே நிறுத்தியிருக்கிறோம், பிறகு எப்படி இருக்கும். வெள்ளிமலை சின்னராசுவை மட்டும் இரண்டு பக்கமும் லெப்ட் அவுட்டில் போட்டுவிட்டார்கள். அவன் சாமை மூட்டையோடு ஜீப்பில் இறங்கி வந்தவன் இதைக் கேட்டுவிட்டு, 'நான் மலைக்காரன், எனக்கு உங்க ரெண்டு தெருவும் கெடையாது, கார்னர் வந்தா எந்தப் பக்கத்துக்கு அடிக்கிறது, அத்தயும் சொல்லிடுங்க' என்றானாம். எல்லோரும் சிரித்தார்கள்.

நம் பையன்கள் தனி டீம் என்று முடிவு கட்டிவிட்டு அமலைக் கேப்டனாக இருக்கச் சொன்னார்கள். அவன் என்னிடம் வந்து கேட்டான். அம்மா முந்திக்கொண்டு, தனியும் வேண்டாம் சேர்ந்தும் வேண்டாம், பந்தைத் தொட்டால் சோறு கிடையாது என்றுவிட்டாள். அவளுக்குப் பயம், வெளியே போன பையன் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்கிற பயம். எனக்கு வேறு மாதிரி கொதிப்பு. சர்ச்சுக்குப் போகிறோம் என்பதால் சர்டிபிகேட்டில் நமக்கு எஸ்.சி. கிடையாது, தெருவில் மட்டும் அது மாறவே இல்லை, அதனால்தான் நீ இங்கே படிக்க இடம் கிடைக்காமல் ராஞ்சி வரைக்கும் போய்க் கிடக்கிறாய். நம் பையன்களும் ஒரு தடவை தனியாக நின்று பார்க்கட்டுமே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அமல் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அதில் ஆசை இருப்பதாகத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கொளஞ்சியப்பன் கரும்புத் தோட்டத்து மோட்டாருக்கு லைன் வரவில்லை என்று ஆபீசில் சொல்லி, என்னைத்தான் அனுப்பினார்கள். மறியலுக்குப் பிறகு நாங்கள் பேசவில்லை, அவர் மகன் உள்ளே கிடக்கிறான், என் தெருவில் வைக்கோல் போர் எரிந்திருக்கிறது, எதை எடுத்துப் பேசுவது. அவரைப் பார்க்காத மாதிரி ஏணியைச் சாய்த்துக் கம்பத்தில் ஏறிவிட்டேன். பாதி வேலையில் கீழே கனைக்கிற சத்தம் கேட்டது. 'இன்னா சவரி, இந்த வருசம் திருக்கோவிலூர்க்காரன் கோப்பையத் தூக்கிக்கினு பூடுவான் போல கீதே' என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, 'அவனுக்கு பேக் எங்கங்க கீது, போன வருசம் ஆடுன ரெண்டு பேரும் மிலிட்டரிக்கு பூட்டானுங்களே' என்று கம்பத்து மேலிருந்தே ஆரம்பித்துவிட்டேன். அவர் கீழே, நான் மேலே, நல்ல வாக்குவாதம். பேச்சு சுற்றி வந்து இளவரசனில் நின்றது. ஜாமீன் கிடைக்கவில்லையாம், அவர் மனைவி குஞ்சம்மாள் சரியாகச் சாப்பிடுவதே இல்லையாம். 'மரத்த வெட்டுனது தப்புதான் சவரி, கேட்டது தப்பா, நீ சொல்லு. எந்த ஆபீசுக்குனாலும் போயிப் பாரு, எங்காளு எவனாச்சும் நாற்காலில குந்திக்கினு கீறானா? கேட்டா தகுதி இல்லன்றான். நாற்காலில குந்திக்கினு கீறவன்தான் அந்த வார்த்தையையும் சொல்றான்' என்றார்.

நியாயம்தாங்க என்றேன், மனதாரத்தான் சொன்னேன், அந்த வார்த்தையால் எத்தனை கதவு மூடும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். சொன்ன கையோடு, 'நம்ம டீமுலயும் இத்தினி வருசத்துல காலனியிலருந்து ஒரு கேப்டன் வந்துகீறானாங்க' என்று கேட்டுவிட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. 'அதெப்படி சவரி, கேப்டன்னா அதுக்கு ஒரு தகுதி வேணும்ல' என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே போய் விழுந்தது. துண்டை எடுத்து வாயைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். மோட்டாரைப் போட்டுப் பாருங்க என்றேன், போட்டார், தண்ணீர் வந்தது. நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மாட்டினார் பார் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. நான் அவர் முகத்தில் பார்த்தது கோபமில்லை, வெட்கம்.

போன ஞாயிறு பூசை முடிந்து நம் பையன்கள் ஆடுகளை விரட்டிவிட்டு மைதானத்தில் பந்தைப் போட்டார்கள். சின்னராசுவும் வந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் மேற்குத் தெருப் பக்கத்திலிருந்து கொளஞ்சியப்பன் நாலைந்து பேரோடு வருவது தெரிந்தது. நம் பையன் ஒருவன் குனிந்து கல்லைக்கூட எடுத்துவிட்டான். அவர் நேராக நடுக்கோட்டில் வந்து நின்று, 'எம் பதினொன்ன சொல்லப் போறேன், முடிக்கிற வரிக்கும் எவனும் நடுவால பேசக் கூடாது' என்றார். 'கோலு அமலு. கேப்டனும் அவன்தான்' என்றார். கூட வந்தவர்களில் ஒருத்தர், புள்ள ஜெயில்ல கெடக்கறான், இவுரு பட்டம் கட்டிக்கினு கீறாரு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். இவர் நிறுத்தவில்லை. இரண்டு தெருவையும் கலந்து பேக் சொன்னார், காலனிப் பையன் ஒருவனை முதல் தடவையாக ரைட் அவுட்டில் சொன்னார், சின்னராசுவை லெப்ட் அவுட்டில் சொன்னார், சென்டர் பார்வர்டு வந்ததும் இளவரசன் வழக்கமாக நிற்கிற இடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, 'தைக்குள்ள எம் புள்ள வருவான்னு சொல்ல முடியல. அந்த எடத்துல உங்காளு ஒருத்தனப் போட்டுக்கோங்க' என்றார்.

எல்லோரும் அமலைப் பார்த்தார்கள். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, 'வேணாங்க, அந்த எடத்த அவனுக்கு ஒதுக்கி வெச்சிடலாம். வர்ற வரிக்கும் பத்து பேராவே ஆடுறோம். அவன் அடிக்கிற பந்துதான் என் கைய சுடும், மத்தவன் அடிச்சா சுடாது' என்றான்.

ஒதுக்கி வைப்பது என்ற வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன் அனிட்டா. டீக்கடைத் தம்ளரில், கிணற்றடியில், ஏன் நம் கோயிலிலேயே முன்னால் ஒரு காலத்தில். அதற்கு அர்த்தம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்தனுக்காக ஒரு இடத்தை, அவன் வருகிறவரை வேறு யாரும் நிற்காமல் வைத்திருப்பதற்கும் அதே வார்த்தைதான் என்று அன்றைக்கு என் மகன் வாயில் கேட்டேன். கொளஞ்சியப்பன் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. வாய்க்கால் மேட்டில் அடி வாங்கினவர்கள் இரண்டு பேரும், அடி வாங்குனது நாங்க, எடம் அவனுக்கா என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை. அவர்கள் கேட்டது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அமலும் சொல்லவில்லை, தினமும் வேலை விட்டு வரும்போது அவர்கள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறான். மேற்குத் தெருவிலும் சிலர் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். வந்த பையன்களும் பந்து காலில் கிடைத்தால் தன் தெருக்காரனைத் தேடித்தான் தட்டுகிறார்கள், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா. கொளஞ்சியப்பன் அரையிறுதி நிச்சயம் என்கிறார், அவருக்கு மூளை குழம்பிவிட்டது. என் கணிப்பு இதுதான், முதல் சுற்றிலேயே தோற்போம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு தோற்போம். இத்தனை வருஷத்தில் தோற்கப் போகிறோம் என்று நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை, மனசு என்னமோ நிம்மதியாக இருக்கிறது.

அம்மா அமலைப் போக வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக அவளும் தைக்குத் திருக்கோவிலூர் வருகிறாளாம். ஒரு நாளும் மைதானத்தில் கால் வைக்காதவள், கோலுக்குப் பின்னால் போய் நிற்பேன் என்கிறாள். ஆட்டம் புரியாதே உனக்கு என்று கேலி செய்தேன். பந்து எங்க போனா எனக்கு இன்னா, எம் புள்ள முதுகுப் பக்கம் எவன் வர்றான்னு நான் பாக்கணும் என்றாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள்ள மறக்காதே, அடுத்த கடிதத்தில் முட்டியை முதல் வரியில் கேள். ஆரோக்கிய மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. நீ தொடுகிற நோயாளி ஒவ்வொருவனும் எழுந்து நடக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
சூ. சவரியப்பன்