விசில் கேட்டதும் நின்றவருக்கு

இன்று காலை நம் மகளின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டேன். முப்பத்தோரு வயதுக்காரி, பெங்களூரில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவள். நாளை உங்கள் முதலாண்டுத் திதி. அதற்காக நேற்றுதான் வந்து இறங்கினாள். காலையில் அடுப்பருகே நின்று உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய கைப்பேசியிலிருந்து ஒரு மணியோசை வந்தது. வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினால் நெடுநேரம் நின்று அடங்குமே, அந்த ஓசை. உடனே அவள் கை நின்றது. கண் மூடிக்கொண்டது. தலை சற்றுத் தாழ்ந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் எழுந்து ஓடினேன். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே தோளில் அறைந்தேன்.

"என்னம்மா, வட்டா உனக்கு, கிறுக்குப் பிடிச்சிட்டா?" என்று துள்ளித் திரும்பினாள். "மணிக்கு ஒரு தரம் அடிக்கும். அப்பம் மூணு மூச்சு நிக்கணும். அப்பா செய்ததுதானே? அப்பாவ நினைச்சாக்கும் நானும் செய்யுதேன்."

உப்புமா அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல் நாற்றம். கடுகு வெடித்ததில் பயந்துவிட்டேன் என்று ஏதோ உளறினேன். அவள் நம்பவில்லை. மத்தியானம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சொன்ன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. பின்முற்றத்தில், நீங்கள் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அவளுடைய பழைய நோட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் பொறுமைசாலியாகப் பிறந்தவர் இல்லை. இறந்துபோனவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும், உங்களிடமே சொல்வதில் என்ன மறைப்பு? நெய்யாற்றின்கரையில் முப்பத்துநான்கு வருஷம் குமாஸ்தா. ஆபீசில் எல்லோரிடமும் "சார், சார்" என்று குழைந்துவிட்டு, குழைந்ததற்கெல்லாம் சேர்த்து வீட்டில் கத்துவீர்கள். சாம்பாரில் உப்பு இல்லையென்று தட்டைச் சுவரில் எறிந்தீர்களே, அந்த மஞ்சள் கறையை இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்துத்தான் மறைத்தேன். உங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஆறு வயதில் அவள் வரைந்த படம் ஒன்றில் வீடு இருந்தது, நான் இருந்தேன், ஸ்கூட்டர் இருந்தது, நீங்கள் இல்லை. அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ரத்த அழுத்தம் ஏறியது. உங்கள் சிநேகிதர் ஒருவர் கேரள எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நாளில் வருகிறேன் என்று போனவர் இரண்டு மாதம் இருந்தீர்கள். அங்கேயே தங்கிவிடுவீர்கள் என்று உறவுக்காரர்கள் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எனக்கு ஒன்றும் அவ்வளவு துக்கமில்லை. ஆனால் மடத்துப் பெரியவர் உங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "இஞ்ச இருந்து செய்யுதது லேசு. வீட்டுல போய் செய்யும்" என்றாராம். ஏதோ பட்டயம் வாங்கியவர் போல் அதைச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நின்றீர்கள்.

மடத்தில் ஒரு மணி உண்டாம். அது எப்போது அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடித்ததும் மண்வெட்டி பிடித்தவரும் சோறு பரிமாறுகிறவரும் அப்படியே நின்று மூன்று மூச்சு கவனிக்க வேண்டுமாம். வீட்டில் மணிக்கு எங்கே போவது? பக்கத்து ஊரான செங்கலில் இருக்கும் கோவில் மணி நம் வீடுவரை கேட்காது. கடைசியில் என் குக்கர் விசில் மாட்டிக்கொண்டது.

அதன் பிறகு நடந்த கூத்து கொஞ்சமா? பால் பொங்கி வழியும், நீங்கள் கையில் துணியோடு கண்மூடி நிற்பீர்கள். கர்க்கடக மாத அடைமழையில் கொடித்துணி எடுக்க ஓடியவர், விசில் கேட்டதும் பாதிக் கொடியில் நனைந்துகொண்டு நின்றீர்கள். பக்கத்து வீட்டு லதா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்வாள். "உங்களுக்கு வட்டாக்கும். சாமியாராகணும்னா மடத்துல போய் கிடங்க. இது குடும்பம் இருக்கப்பட்ட வீடு" என்பேன். நீங்கள் மூன்றாவது மூச்சை விட்டு முடித்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். அதில்தான் எனக்கு இன்னும் எரியும். கூப்பிட்டால் திரும்பாத மனிதரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. விசில் அடித்ததும் வேண்டுமென்றே தட்டை உருட்டுவேன், தோளைப் பிடித்து உலுக்குவேன், காதருகே போய்க் கேரட் என்ன விலை என்று கேட்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் ஆபீஸ் சண்டை ஒன்றைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. நீங்கள் போனைத் தாழ்த்திவிட்டுக் கண்ணை மூடினீர்கள். நான் போனைப் பிடுங்கினேன், வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பழைய ஆளாக இருந்தால் போன் சுவருக்குப் போயிருக்கும். நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தீர்கள்.

"எட்டீ, ஒண்ணு கேக்கட்டா?" என்றீர்கள். "அவ சொன்னதக் கேட்டு எனக்குக் கோவம் தலைக்கேறிச்சு. அவகிட்டயே கத்தியிருப்பேன். அந்த மூணு மூச்சுல நான் இதுவரைக்கும் ஆரையும் ஏசினது இல்ல, கேட்டியா? எனக்கு ஆகப்பாடே இந்த ஆயுசுல கிட்டினது அந்த ஒரே எடமாக்கும். அதுல வந்து கை வைக்காதே."

உங்கள் குரல் உடைந்திருந்தது. முப்பத்துமூன்று வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் கேட்காமலே எடுத்துக்கொண்டவர்தானே. "செரி, இனி தொடமாட்டேன்" என்றேன். உங்கள் கையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்தேன்.

அதற்குப் பிறகு வீடு மாறியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று மூச்சு பத்து நிமிடமானது. சில நாள் கால் மணி நேரம். சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவினீர்கள், கழுவும்போது வேறெதையும் பார்க்கவில்லை. சாம்பாரில் உப்பு குறைந்த நாளில் எழுந்து போய் உப்பை எடுத்து வந்து போட்டுக்கொண்டீர்கள். மகள் போன் செய்தால் முதலில் "அப்பா எங்கே?" என்று கேட்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறாமைகூட வந்தது.

அந்தப் புதன்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பின்முற்றத்துத் தகரக் கூரைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தீர்கள். குக்கரில் கடலை. இரண்டு விசில் அடித்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. தாடை நெஞ்சில் பட்டிருந்தது. வழக்கமாகக் கத்தியைப் பலகை மேல், கூர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி, மெல்ல வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவீர்கள். அன்று கத்தி தரையில் கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், உங்களிடம் சொல்ல முடியாது. பார்த்தேன், இன்று ஆழமாகப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது விசில் வந்து உங்களைக் கலைத்துவிடக் கூடாது என்று அடுப்பைச் சிம்மில் வைத்தேன். குழாயைச் சத்தம் வராமல் மூடினேன். லதா வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "சேச்சீ, சார் தியானத்திலாணோ?" என்று தன் மலையாளத்தில் கேட்டாள். நான் உதட்டில் விரல் வைத்து அவளைத் திருப்பி அனுப்பினேன். வாழ்நாளெல்லாம் வாயை மூடாதவள், அன்று பார்த்து மூடிக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து அவள் மதிலுக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட வந்தவள் அலறினாள். "சேச்சீ, ஓடி வா! சாரின்றெ வாய் கோடியிரிக்குந்நு!" ஓடி வந்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை தொங்கிக் கிடந்தது. எச்சில் வடிந்து சட்டை நனைந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதும் ஒரு கணம் சத்தியம் நினைவுக்கு வந்து கை தயங்கியது. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். பேச்சு வரவில்லை. இடது கை மட்டும் என் புடவை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருக்கலாம் என்றார் டாக்டர். திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஓடி வந்த மகள் கேட்ட முதல் கேள்வி, "நீ அப்பம் எங்கம்மா இருந்தே?" என்பது. "குளிக்கப் போயிருந்தேன் மக்களே" என்றேன். நாக்கில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது, பிறகு ஒரு வருஷம் அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. லதாவைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டேன். நல்ல பிள்ளை, யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்று மத்தியானம், சோறு போட்டுவிட்டு, அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். குளிக்கவில்லை, பத்தடி தூரத்தில் அடுக்களையில்தான் இருந்தேன் என்று.

அவள் கை சோற்றிலேயே இருந்தது. "எவ்வளவு நேரம்?"

"நாற்பது நிமிஷம் இருக்கும்."

"அப்பா விளிச்சாரா?"

"விளிக்கல. விளிச்சிருந்தா கேட்டிருக்கும்."

"எப்பவும் போய் உலுக்குவியேம்மா. மேளம் அடிக்காத குறையா உலுக்குவியே. அண்ணைக்கு மட்டும் எதுக்கு சும்மா இருந்தே?"

"கையில அடிச்சு சத்தியம் செய்திருந்தேன்" என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டுக் கை கழுவினாள். "நாளைக்குத் திதி முடிஞ்ச உடனே போறேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போய்க் கதவைத் தட்டலாம். தட்டுவதா விடுவதா என்று எனக்கு இப்போது எந்த வீட்டிலும் எந்தக் கதவிலும் தெரிவதில்லை.

அவளிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

அந்த நாற்பது நிமிடமும் நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருக்கும் இருப்பைப் பார்த்து, நாமும்தான் செய்து பார்ப்போமே என்று, ஒவ்வொரு காயாக எடுத்து, அதை மட்டும் பார்த்து நறுக்கினேன். மழை வாழையிலையில் விழும் சத்தம் கேட்டது. பயற்றின் பச்சை வாசனை வந்தது. மகளின் கல்யாணம், உங்கள் பழைய கோபம், சுவரில் இருந்த கறை, எதுவுமே மனதில் இல்லை. எத்தனையோ வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரைச்சல் நின்றுபோயிருந்தது. நீங்கள் சொன்ன இடம் இதுதான் போலிருக்கிறது என்று தோன்றி எனக்குக் கண் நிறைந்தது. அதற்கு முன்னும் அப்படி இருந்ததில்லை, பின்னும் இல்லை. என் ஆயுளில் எனக்குக் கிடைத்த நிம்மதி அவ்வளவுதான், அதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று உங்கள் மேல் எனக்குக் கொள்ளை அன்பு இருந்தது. நீங்கள் கண் திறந்ததும், "இஞ்ச பாருங்க, எனக்கும் கிட்டிச்சு" என்று முதல் வேலையாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன்.