கூப்பிட்டும் திரும்பாத பெயர்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. அப்பா சுகம். சமையலறைக் குழாய் ஒழுகி இரண்டு நாள் வாளியோடு மல்லுக்கட்டினார், கடைசியில் பிளம்பர் வந்து ஐந்து நிமிஷத்தில் சரிசெய்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து அப்பா அந்தப் பிளம்பருக்கு வேலையே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறோம். பயல் யார் ஜாடை என்று இன்னும் தீர்ப்பாகவில்லை. தூங்கும்போது மாப்பிள்ளை, கொட்டாவி விடும்போது அப்பா. அழும்போது நான் என்கிறார் அப்பா.

போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். போனில் நான் பொய் சொல்லிவிடுகிறேன், போன ஞாயிற்றுக்கிழமை சொன்னதுபோல. பயலுக்கு வைக்க நீ அந்தப் பெயரைச் சொன்னதும் சிரித்தேன். இந்தக் காலத்துல யாருடி இப்படிப் பேர் வைப்பாங்க, பையன் பள்ளிக்கூடத்துல தலை காட்ட முடியுமா என்றேன். நம்ம கம்பெனியில் துணி தேய்த்தாரேம்மா, அவர் பேர்தானே என்று நீ ஞாபகப்படுத்தினாய். அப்படி யாரும் இருந்ததாக ஞாபகமே இல்லை என்றேன். சரிம்மா விடு, வேற பார்க்கறோம் என்றாய். போனை வைத்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கப்பட வேண்டியதில் அதையும் சேர்த்துக்கொள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே, மறந்துபோச்சா உனக்கு, பத்து வருஷம் தினமும் வீட்டுக்கு வந்து அவரைப் பத்தித்தானே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னே என்றார். அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

எனக்கு மறக்கவில்லை. நீ நான்காம் வகுப்பு படித்தபோது பள்ளி விட்டு நேரே கம்பெனிக்கு வருவாய், என் வேலை முடியும்வரை தேய்ப்பு அறையில் சட்டைக் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருப்பாய். உனக்கு அந்த அறைதான் தெரியும். மழையில் நனைந்த உன் கணக்கு நோட்டை அவர் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மேலே துணி போட்டு, சூடு குறைத்துத் தேய்த்துக் கொடுத்தாரே, அதை நீ இன்னும் சொல்கிறாய். அவர் தன் பெயரை முழுதாகச் சொன்னது உன்னிடம் மட்டும்தான் என்று நினைக்கிறேன். அந்த அறைக்கு வெளியே நடந்தது உனக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்கு, வருகைப் பதிவு எடுக்கும்போது நடந்தது. அப்போது நீ பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய்.

அந்த வருஷம்தான் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நாற்பத்திரண்டு பேர். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள், முதல் வாரம் நான் பெயர் கூப்பிட்டால் பதில்கூட வராது, தையல் மெஷினைத் தட்டிக்கொண்டு இருப்பார்கள். ஒருநாள் அவர் பெயர் வந்தது. நீளமான பெயர், நாடகத்தில் வரும் அரசர் பெயர் மாதிரி. எனக்கே தெரியாமல் அதை நீட்டி இழுத்து, முன்னால் பராக் பராக் என்று சேர்த்துக் கூப்பிட்டேன். மொத்த ஹாலும் சிரித்தது. அதற்குப் பிறகு கூப்பிட்ட ஒவ்வொருவரும் ஒழுங்காகப் பதில் சொன்னார்கள். நாற்பத்தொரு பேரை என் பக்கம் இழுக்க ஒரே ஒருவர் போதும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். மறுநாளும் செய்தேன். பிறகு தினமும். மகாராஜா என்ற பட்டப்பெயர் நான் வைத்ததுதான். பொத்தான் துளை போடும் காஜா மெஷின்காரி, வாட்ச்மேன், டீ கொண்டுவருபவர், கடைசியில் முதலாளியும் அப்படியே கூப்பிட்டார்கள்.

இன்னொன்று. இதை எழுதத்தான் மூன்று தாள் கிழித்தேன். ஒருநாள் டீ நேரத்தில் அவர் என் மேசைக்கு வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, மெதுவாக, "அம்மா, காலையில கூப்பிடும்போது என் நம்பரைச் சொன்னாப் போதும்மா" என்றார். சரி என்றேன். மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, மகாராஜாவுக்கு இனிமே பேர் வேண்டாமாம், நம்பர் போதுமாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவரே சிரித்தாரே என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அன்றைக்கும் சாயங்காலம் நீ அவர் அறையில்தான் இருந்தாய். உன் ரிப்பனைத் தேய்த்துக் கொடுத்தார்.

கம்பெனி மூடிய பிறகு அவர் மார்க்கெட் பக்கம் ஒரு சலவைக் கடையில் தேய்க்கிறார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, போகவர அவரோடு பேசுவாராம், என்னிடம் சொன்னதில்லை. நேற்று அப்பாவின் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். சட்டை ஒரு சாக்கு. சாலைக்கு முதுகைக் காட்டி நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். தோள் இறங்கிப்போயிருந்தது, மடிப்பை விரலால் நீவுவது மட்டும் அப்படியே. பின்னால் நின்று அவர் பெயரைச் சொன்னேன். நீட்டாமல், இழுக்காமல், நீ போனில் சொன்னதுபோல. அவர் திரும்பவில்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், இங்க அப்படி யாரும் இல்லையே என்றார். இரண்டடி தூரத்தில் அவரோ ஒரு சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் மகாராஜா என்றேன். உடனே திரும்பினார். சிரித்த முகம்.

என்னைப் பார்த்ததும் இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முதலில் உன்னைத்தான் கேட்டார். பாப்பா எப்படி இருக்கு, கணக்கு இப்பவாவது வருதா என்றார். உனக்குப் பையன் பிறந்திருப்பதைச் சொன்னேன். அவர் பெயரை வைக்க ஆசைப்படுகிறாய் என்றும் சொன்னேன், நான் தடுத்ததைச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அதில் என் பாரமும் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தேன். "அந்தப் பேரா? வேண்டாம்மா. பாப்பாகிட்ட சொல்லிடுங்க. பிள்ளை தினம் அதுக்குப் பதில் சொல்லணும்ல" என்றார். கோபம் இல்லை. உண்மையிலேயே உன் பிள்ளைக்காகக் கவலைப்பட்டார்.

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சட்டை எப்போ கிடைக்கும் என்றுதான் கேட்டேன். புதன்கிழமை என்றார். வந்துவிட்டேன்.

அந்தப் பெயரில் ஒரு குறையும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும். சிரிக்கிற பெயராக அதை ஆக்கியது நான். அதே சிரிப்பைத்தான் ஞாயிற்றுக்கிழமை உன்னிடமும் சிரித்தேன். ஆனால் என் மனம் ஆறுவதற்காக உன் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்காதே. அவர் பாவம் என்றும் வைக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் அது முதலில் பிடித்ததே, அதற்காக வைப்பதானால் வை. பதிவு செய்ய இன்னும் மூன்று வாரம் இருப்பதாகச் சொன்னாய். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையும் படிக்கட்டும். என்மேல் கோபம் வந்தால் சில நாள் போன் பண்ணாமல் இரு, நான் காரணம் கேட்கமாட்டேன். அந்தப் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். பத்து வருஷம் பதிவேட்டில் எழுதிய கை இது. அடுத்து எழுதுவது உன் கையாக இருக்கட்டும்.

குழந்தைக்கு உள்சட்டையைத் தையல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போடு, உள்ளே இருந்தால் கழுத்தை உறுத்தும், வாயில்லாப் பிள்ளை சொல்லாது. நீ பொழுதோடு சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். என் ஆசீர்வாதத்துக்கு இப்போது என்ன மதிப்பு என்று தெரியவில்லை, அப்பாவுடையதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

புதன்கிழமை சட்டை வாங்கப் போகிறேன். பின்னால் நின்று அவர் பெயரைச் சொல்வேன். அவர் திரும்பும்வரை சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா