பார்க்கில் ஒரு நீலத்தொண்டைக் குருவி

மல்லசமுத்திரம்,
5-12-1938

அன்புள்ள மாமாவுக்குச் சௌந்திரம் எழுதுவது. இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நம் குழந்தை ராமாத்தாள் பேதியில் போய் இரண்டு மாதமாகிறது. அழுது தீர்க்கட்டும் என்றுதான் என்னை இங்கே அழைத்து வந்தார்கள். அழுகை வரவில்லை. கடலை பறிக்கப் போகிறேன், வருகிறேன், தூங்குகிறேன்.

சேலம் சந்தைக்குப் போய்வந்த பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன், "மாப்பிள்ளை போட்டோக் கடையப் பூட்டிப்போட்டு, தெனமும் பார்க்குல குருவி தேடீட்டு இருக்கறாருங்க" என்று அப்பாவிடம் சொன்னார். அம்மாவுக்குக் கோபம். எனக்கு அதுவும் வரவில்லை. நிஜந்தானா? என்ன குருவி?

சௌந்திரம்

சேலம்,
14-12-1938

அன்புச் சௌந்திரத்துக்கு,

நிஜந்தான். கடைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். "சிரி கண்ணு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறேன்.

பார்க்கில் வாய்க்கால் ஓரக் கோரைக்குள் இருக்கிறது அந்தக் குருவி. பனிக்காலத்துக்கு மட்டும் வந்து போகுமாம். சிட்டுக்குருவி அளவுதான். தொண்டை நீலம், நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு. வாலைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவரும். நான் அசைந்தால் போச்சு.

காவல்காரர் பொன்னன், "ஏனுங்க, அத்தாம்பெரிய பொட்டிய வெச்சுக்கிட்டு இத்துனூண்டு குருவியப் படம் புடிக்கோணுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அங்கே உட்கார்ந்திருந்தால் பொழுது போகிறது. அவ்வளவுதான்.

வெள்ளியங்கிரி

சேலம்,
11-1-1939

அன்புச் சௌந்திரத்துக்கு,

குருவி படத்தில் விழுந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். நீலம் இதில் தெரியாது.

கேமராவைக் கோரைக்குப் பக்கத்தில் வைத்துத் தழை போட்டு மூடிவிட்டு, அதில் மாட்டிய நீள ரப்பர் குழாயின் நுனிக் குமிழைப் பிடித்துக்கொண்டு தள்ளிப்போய்க் குப்புறப் படுத்திருந்தேன். வெயில் ஏறியதும் வெளியே வந்தது. தொண்டையைப் புடைத்துக்கொண்டு தனக்குத்தானே மெல்லப் பாடிக்கொண்டது. குமிழை அழுத்தினேன். "உளுந்துருச்சுங்களா? உளுந்துருச்சுங்களா?" என்று பொன்னன்தான் குதித்தார்.

இருட்டறையில் படம் பிடித்த கண்ணாடித் தகட்டைக் கழுவும்போது குருவி துலங்கி வந்தது. இது கிடைத்துவிட்டால் மனசுக்குள் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளியங்கிரி

மல்லசமுத்திரம்,
18-1-1939

அன்புள்ள மாமாவுக்கு,

படம் வந்தது. "நல்லாத்தான் இருக்குது" என்றாள் அம்மா. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள், "சௌந்திரம் தேறீட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இல்லை என்று இங்கே யாரிடம் சொல்வது? சொன்னால் அழச் சொல்வார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அப்பா சரி என்றுவிட்டார். வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் எழுதவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீங்களும் அப்படி எதுவும் சொல்ல வேண்டாம். என் கையிலிருக்கும் மூட்டையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சௌந்திரம்