நல்ல பிரதியில் இல்லாத வரி

செவ்வாய், இரவு.

இன்று கவுன்சலிங்கில் என் பயங்களின் பட்டியலைக் கொடுத்தேன். கோடு போட்டு, மூன்று பத்தியாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"அரே அங்கிள், ஆபீஸ் நோட் மாதிரி இருக்கே! ரஃப் காப்பி எங்க?"

கிழித்துவிட்டேன் என்றேன்.

"டீக் ஹை. அடுத்த வாரம் ரஃப்பையே கொண்டு வாங்க. அடிச்சுத் திருத்தி இருந்தாத்தான் வாங்குவேன்."

கிழித்த தாளில் ஒரு வரி அதிகம் இருந்தது. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்பதை எல்லாம் பிரதி எடுத்தவன், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

இங்கே எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை மீன் வாங்கித் திரும்பும்போது டெலானிபூர் ஏற்றத்தில் நின்றுவிட்டேன். முப்பது வருடமாக நடக்கும் வழி. வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. யாரையும் கேட்கத் துணியவில்லை. எதிர்வீட்டுக்காரர் தண்ணீர்க் கேனோடு வந்தார். அவர் பின்னாலேயே நடந்தேன்.

வீட்டில் சரசுவிடம் மீன் கடையில் கூட்டம் என்று சொன்னேன்.

இதுவரை நான்கு அடித்தல். கையெழுத்தும் கோணல்.

"என்னங்க, லைட்ட அணைங்க. கண்ணு கூசுது" என்கிறாள்.

இந்தத் தாளைக் கிழித்து அவள் கைப்பையில் வைக்கப் போகிறேன். என்னிடம் இருந்தால் விடிவதற்குள் நல்ல பிரதி எடுத்துவிடுவேன். அவள் படிப்பாள். படிக்கட்டும்